ஒரு ரிங் வந்தால் நலம்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். களத்து வேலைக்கு வரும் மாராத்தா கதவைத் தள்ளித் திறந்தபோது மணி பத்து. இடது மணிக்கட்டில் முறிவு. இடுப்புக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. வலது கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன்.

எண்ணெய் மில்லில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் முப்பது வருடமாக எழுதி வருகிறேன். தேங்காய்ப் பருப்பு விலை, மழை, லாரி வந்தது, ஆள் வரவில்லை. என் டைரியில் இதற்கு மேல் இருக்காது. நேற்று நடந்ததையும் அதே கணக்கில் எழுதி முடித்துவிடுகிறேன்.

களத்தில் காயும் பருப்பைக் கிளறிவிட்டுக் கால் கழுவப் போனேன். சோப்புத் தண்ணீர் காயாமல் இருந்திருக்கிறது. விழுந்த பிறகு எழ முடியவில்லை. போன் பட்டாபட்டி டிரவுசர் பையில் இருந்தது, நனையவில்லை. பக்கத்துக் களத்து சென்னியப்பனைக் கூப்பிட்டால் ஓடி வருவார். ஆனால் பத்து நிமிடத்தில் வெள்ளகோவில் முழுக்கச் செய்தி போய்விடும். நாச்சிமுத்து விழுந்துவிட்டான், பொண்டாட்டி இல்லை, கூட ஆளில்லை என்று தெரிந்தால், அடுத்த ஏலத்தில் என் சரக்கை அவசரத்துக்கு விற்கிற சரக்கு என்று நினைத்துக் குறைத்துக் கேட்பார்கள். நானே மற்றவர்களுக்கு அப்படிச் செய்தவன்தான். மாராத்தாவோ போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

அதனால் பெங்களூரில் இருக்கும் மகள் கோகிலவாணிக்கு, அடிக்கவிட்டு உடனே வெட்டி, இரண்டு ரிங் கொடுத்தேன். ஒரு ரிங் என்றால் நலம், பேச வேண்டாம். இரண்டு ரிங் என்றால் உடனே கூப்பிடு. இது எங்களுக்குள் இருபத்திரண்டு வருட வழக்கம். அவள் கூப்பிட்டால் யாரை அனுப்புவது என்று அவளே முடிவு செய்வாள்.

ஒரு நிமிடத்தில் அவளிடமிருந்து ஒரு ரிங் வந்தது. அவள் நலம்.

பிறகு கூப்பிடுவாள் என்று இருந்தேன். மறுபடி ரிங் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரு முறை விலை சொன்னால் சொன்னதுதான். தரை ஈரம் எட்டரை மணி வாக்கில் காய்ந்துவிட்டது.

12 பிப்ரவரி, புதன்

பருப்பு கிலோவுக்கு நான்கு ரூபாய் ஏறியது. போன மாதமே ஏறும் என்று சொன்னவன் நான். இன்று யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன்.

13 பிப்ரவரி, வியாழன்

ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியவில்லை. லுங்கியை முடிச்சுப் போட்டுக்கொண்டு களத்தில் உட்கார்ந்திருந்தேன். மாராத்தா பருப்பைக் கிளறிக்கொண்டே பேசினாள். பெங்களூருக்குச் சொன்னேனா என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றேன். அவள் நம்பவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் வாசலில் கார் நின்றிருக்கும் என்றாள். அவளுக்கு என் மகளைப் பற்றி என்ன தெரியும்.

ரிங் வழக்கம் வந்த கதையை எழுதி வைக்கலாம். எண்பத்தாறில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மும்பை வியாபாரியிடம் விலை கேட்க வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு தபாலாபீஸ் பெஞ்சில் அரைநாள் உட்கார வேண்டும். அதற்குள் விலை மாறிவிடும். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. கண் முன்னால் மீட்டர் ஓடும், பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். செல்போன் வந்த புதிதில்தான் இந்த யோசனை எனக்கு வந்தது. லாரிக்காரன் ஒரு ரிங் விட்டால் சரக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு விட்டால் வழியில் ஏதோ சிக்கல், நான் கூப்பிடுவேன். வருகிற ரிங்கை எடுக்கக்கூடாது. எடுத்தால் காசு போய்விடும். அந்தக் கட்டுப்பாட்டில் நான் தவறியதே கிடையாது. ஒரு பைசா செலவில்லாமல் கேரளா வரைக்கும் லாரி ஓட்டினேன். என்னைப் பார்த்து இந்தச் சுற்றுவட்டாரமே அப்படிச் செய்தது.

கோகிலா கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது விடுதிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து அவளுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். காலை ஏழு மணிக்கு நான் ஒன்று விடுவேன், அவள் ஒன்று விடுவாள். பேச்செல்லாம் அவள் அம்மாவோடுதான். அம்மாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் வெயில் இறங்கும் வரை பேசுவார்கள். சரஸ்வதி போய் ஆறு வருடம் ஆகிறது. ரிங் மட்டும் ஒருநாள் தவறியதில்லை. இப்போது யாருக்கும் பேசுவதற்குக் காசு கிடையாது என்கிறார்கள். இருந்தாலும் ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும்?

செவ்வாய், புதன், இன்று என்று மூன்று நாளும் ஒன்று விட்டேன், ஒன்று வந்தது. இரண்டுக்கு ஒன்று ஏன் விட்டாள் என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

14 பிப்ரவரி, வெள்ளி

சரக்கை நிறுத்தினால்தான் கிராக்கி தெரியும். இன்று ரிங் விடவில்லை.

15 பிப்ரவரி, சனி

விடவில்லை. வரவில்லை. முருங்கைக்காய் சாம்பார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மூன்றாவது நாள். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். முழுக்க இருக்கிறது. கம்பி இல்லாத போனில் டவர் போனாலும் தெரியாது என்பதால் சென்னியப்பனை என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். நன்றாகவே அடித்தது. எதற்கு என்று கேட்டார். மணி பார்க்க என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். கைக்கட்டைத் துண்டால் மூடியிருந்தேன்.

17 பிப்ரவரி, திங்கள்

மில்லுக்கு நாற்பது மூட்டை போனது. எடை சரி. வேறில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

மில்லில் விலை அனுப்புவதற்காக ஒரு தொடுதிரை போன் கொடுத்திருக்கிறார்கள். மேசை டிராயரில் கிடக்கும். இன்று விலை பார்க்க எடுத்தால், பேத்தி நேத்ரா குரல் பதிந்து அனுப்பியிருக்கிறாள். பதின்மூன்று வயது, எட்டாவது படிக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அப்புச்சி, நேத்ரா பேசறேன். அஞ்சு நாளா உங்க ரிங் வரல. ஃப்ரிட்ஜ்ல என் சார்ட் ஒட்டியிருக்கு. அதுல ‘அப்புச்சி ரிங்’னு ஒரு லைன். தினமும் டிக் போடணும், அஞ்சு கட்டம் காலியா கெடக்கு. உங்க போன் ரிப்பேரா? அம்மாகிட்ட இன்னும் சொல்லல. டென்ஷன் ஆவாங்க.”

நான்கு முறை போட்டுக் கேட்டேன். அந்தப் போனில் சத்தம் கம்மி.

19 பிப்ரவரி, புதன்

பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டுமாம். இதுவரை செய்ததில்லை. களத்து ஓரம் கட்டிலில் உட்கார்ந்து செய்தேன். கண்ணு, ஒரு ரிங் விடுவது நீயா, எத்தனை நாளாக என்று கேட்டேன். பின்னால் மாராத்தா வழக்கம் போல ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். அதைக் காதில் வாங்கவில்லை.

உடனே பதில் வந்தது. அவள் நான்காவது படிக்கும்போதிலிருந்து இது அவள் வேலையாம். அம்மாவின் பழைய சிம்மை ஒரு பழைய போனில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்கள். அந்த நம்பருக்கு என்னைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. கோகிலா ஆறரை மணிக்கே ஆபீஸ் வண்டியில் போய்விடுவாள். ரிங் வந்தால் ஒன்று விட்டுவிட்டு டிக் போட வேண்டும்.

“போன வாரம் ஒருநாள் ரெண்டு வந்துச்சு அப்புச்சி. நீங்க தப்பா அமுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

ஆமாம் கண்ணு, தப்பாகத்தான் அமுக்கினேன் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று குழந்தையிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

இப்படிப் பதிந்து அனுப்புவதற்கு நேராகவே கூப்பிட்டுப் பேசலாமே என்றும் கேட்டேன். போன் அடித்தாலே அவளுக்குப் பயமாக இருக்குமாம். அவள் சிநேகிதிகள் யாருமே எடுக்க மாட்டார்களாம். குரலைப் பதிந்தால் யோசித்துப் பேசலாம், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம் என்கிறாள். வியாபாரத்துக்கு நல்ல வசதிதான்.

ஆக, நான்கு வருடமாக எனக்கு வந்தது கோகிலாவின் ரிங் அல்ல. பத்தாம் தேதி இரண்டு ரிங்கைப் பார்த்துவிட்டு அவள் சும்மா இருந்தாள் என்பதில்லை. அவள் பார்க்கவே இல்லை. இதில் எது மேல் என்று மதியம் முழுக்க யோசித்தேன்.

சாயங்காலம் கோகிலாவின் ஆபீஸ் நம்பரிலிருந்து போன் வந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வெட்டுவாள் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. எடுக்க வேண்டிய போன் என்று புரிவதற்குள் அதுவும் நின்றது. கைப்பழக்கம். திருப்பிக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். என்ன பேச்சை எடுத்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

காலை ஆறு மணிக்குக் கோகிலா நேத்ராவுடன் வந்து இறங்கினாள். பெங்களூர் பஸ். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

நான் அனுப்பிய குரலில் மாராத்தாவின் சத்தமும் சேர்ந்து போயிருக்கிறது. கோகிலா அதைப் போட்டுக் காட்டினாள். என் பேச்சு கொஞ்சம்தான். பின்னால் மாராத்தாதான் ஓங்கிக் கேட்கிறாள்: “ஏனுங் மொதலாளி, மாவுக்கட்டுக் கையில போனப் புடிக்காதீங்கன்னா கேக்கறீங்களா? குளிக்கற ரூம்புல மூணு மணி நேரம் கெடந்தது பத்தலீங்களா?”

ரிங்கில் இந்தத் தொந்தரவு கிடையாது. நான் அனுப்புகிறதுதான் போகும்.

மாராத்தா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து, “நாஞ் சொன்னது பொய்யுங்களா?” என்றாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு பருப்பு கிளறக் காட்டுகிறேன் என்று களத்துக்குப் போய்விட்டாள். விவரமானவள்.

கோகிலா கைப்பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு ரிங் குடுத்தீங்களாப்பா?”

இல்லை என்றேன். அவள் போனை என் பக்கம் திருப்பினாள். பத்தாம் தேதி, ஏழு ஒன்பது. ஏழு பத்து.

“நேத்ராகிட்டச் சொல்லிராதே அம்மிணி” என்றேன்.

“சொல்லலீங்ப்பா.”

பிறகு நான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். நாலு வருசமா குழந்தையை விட்டு எனக்கு ரிங் விட்டாயே, ஒரு நிமிச வேலை, உனக்கு அதுக்குக்கூட முடியலையா என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

“ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு மார்ச்சுல எனக்கு மார்புல கட்டின்னு சொன்னாங்கப்பா. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுட்டு உங்களுக்குத்தான் மொதல்ல கூப்பிட்டேன். ரெண்டு தடவை முழுசா அடிச்சு நின்னுருச்சு. மூணாவது தடவை நீங்க கட் பண்ணீங்க.”

நான் அந்தப் பட்டன் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“ரெண்டு ரிங்தானே விடோணும், நீதான் தப்புப் பண்ணுனன்னு சொல்லுவீங்க. எனக்கு அன்னிக்கு எண்ணிட்டு இருக்கத் தோணலைங்ப்பா.”

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிட்டார்களாம். கெட்ட கட்டி இல்லையாம். இருந்தாலும் வருடம் ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டுமாம். கொரோனாக் காலம், நான் வரக்கூடாது, சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்தச் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டிருக்கிறாள். எறிந்துவிடத்தான் நினைத்தாளாம். ஏழு மணிக்கு ரிங் வராமல் போனால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகக் குழந்தையிடம் ஒப்படைத்தாளாம்.

மதியம் அவளே சமைத்தாள். அரிசியும் பருப்பும் சேர்த்த சாதம். சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

21 பிப்ரவரி, வெள்ளி

அவள் நேத்ராவோடு கோயிலுக்குப் போயிருந்தபோது பீரோவுக்குக் கீழே இருந்த பழைய டைரிகளை எடுத்தேன். ஒற்றைக் கையால் கட்டவிழ்க்க அரைமணி ஆயிற்று. 2021, மார்ச். தேதி அவள் சொல்லவில்லை. தேடவும் வேண்டியிருக்கவில்லை. மூன்று ரிங் என்று இருக்கும் பக்கம் ஒன்றுதான்.

“கோகிலா இன்று மூன்று முறை வெட்ட மறந்துவிட்டாள். மூன்றாவது முறை நானே வெட்டிவிட்டேன். இத்தனை வருடம் ஆகியும் கவனம் போதாது. பிறகு ஒரு ரிங் கொடுத்தேன். பருப்பு விலையில் மாற்றமில்லை.”

என் கையெழுத்துத்தான். வராண்டாவில் அவள் நின்றபோது என்னிடமிருந்து ஒரு ரிங் போயிருக்கிறது. நேற்று அவள் அதைச் சொல்லவில்லை. மறந்திருக்க மாட்டாள்.

அவர்கள் வந்ததும் டைரியைப் பிரித்தபடியே அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். நானும் உட்கார்ந்தேன். நேத்ரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, களத்துக்குப் போகிறேன் என்று எழுந்து போனாள்.

அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. என் தோளில் பாரம் இருந்தது.

22 பிப்ரவரி, சனி

மாப்பிள்ளையும் கார் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாளை மூவரும் கிளம்ப வேண்டும். காலையிலிருந்து பேச்சுவார்த்தை.

கோகிலாவின் முதல் விலை, களத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்பது. முடியாது என்றேன். பதினோராவது மாடியில் உட்கார்ந்து நான் யாரோடு விலை பேசுவது? அடுத்த விலை, கூடத்திலும் குளியலறை வாசலிலும் கேமரா வைப்பது. மாப்பிள்ளை தன் போனில் எப்படித் தெரியும் என்று காட்டினார். யார் வீட்டையோ மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. பெட்ரூம் கிடையாது மாமா, கூடம் மட்டும்தான் என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் விழுகிறதைப் பார்ப்பதற்கு ஒரு சாமான், விழாத நாளில் அது எதைப் பார்க்கும் என்று கேட்டேன். கோகிலா சிரித்துவிட்டாள். அதோடு கேமரா தள்ளுபடி.

“அப்ப பேசுங்க. தினமும். அரை மணி நேரம்” என்றாள்.

“அரை மணி நேரத்துக்கு என்னத்தப் பேசறது? அஞ்சு நிமிசம்.”

“இருபது.”

“நீ யாருகிட்ட அம்மிணி பேரம் பேசறே?”

“உங்க புள்ளைதானுங்ப்பா” என்றாள். “கத்துக்காமயா இருப்பேன்?”

மாராத்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தால், எங்கிட்டத் தெனமும் ஒரு மணி நேரம் பேசறாருங் என்று அந்தப் பக்கம் சாட்சி சொல்லிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் படிந்தது. அதன் பிறகு என் பக்கத்து நிபந்தனை ஒன்று இருக்கிறது என்றேன். கோகிலா என்ன என்றாள். சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், வயதான காலத்தில் எதற்கு அலைச்சல், அங்கே ஒன்றும் இருக்காது, வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். உட்கார்ந்திருக்கத்தான் வருகிறேன் என்றேன். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றாள்.

முடிந்த பேச்சு இது. தினமும் காலை ஏழு மணிக்குப் பதிலாக ஆறே காலுக்கு, அவள் வண்டி ஏறுவதற்குள் பேச வேண்டும். ஒரு நாள் அவள் கூப்பிடுவாள், ஒரு நாள் நான். அடித்தால் எடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது, அதில் பருப்பு விலைக்கு இரண்டு நிமிடம்தான். நேத்ரா எப்போது வேண்டுமானாலும் குரல் அனுப்பலாம், நான் அன்றைக்கே பதில் அனுப்ப வேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் இரண்டு பக்கமும் அன்றே சொல்ல வேண்டும். குளியலறைக்குக் கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் என் செலவு. வருடாந்திர ஸ்கேனுக்கு நான் அவள் கூடப் போவேன், முடியும் வரை வராண்டாவில் இருப்பேன். இந்த வருடத்துத் தேதி மார்ச் பதினான்கு, வெள்ளி, காலை ஒன்பதரை. முந்தின நாள் இரவே நான் பெங்களூர் போய்ச் சேர வேண்டும். பஸ் டிக்கெட் அவள் போடுகிறாள்.